உப்புக்காற்றில் ஒரு பின்பால்: பழைய மெஷினை முதன்முதலாக வாங்குபவருக்கு முழுமையான வழிகாட்டி

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இரும்பைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி, கேட்டுக் கீல், ஃபிரிட்ஜின் அடித்தகடு எல்லாம் எந்த வேகத்தில் உதிரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஊரில், நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள, உள்ளே முழுக்கத் தாமிரக் கம்பியும் ஸ்பிரிங்கும் திறந்த கான்டாக்ட்டுகளும் நிறைந்த ஒரு பின்பால் பெட்டியை, அதாவது சரிவான பலகையில் உருளும் இரும்புப் பந்தைக் கீழே விழவிடாமல் அடித்து ஆடும் மெஷினை, ஆசைக்கு வாங்கி வைக்கலாமா? தாராளமாக வைக்கலாம். என்ன, வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றின் வரிசைதான் மாறும்.

அமெரிக்காவில் முதல் பின்பால் வாங்குபவருக்கு எல்லோரும் சொல்லும் யோசனை, "எந்த ஆட்டம் பிடிக்கிறதோ அதைத் தேடு" என்பது. அங்கே கூப்பிட்டால் ரிப்பேர்காரர் வருவார், பாகம் இரண்டு நாளில் வாசலுக்கு வரும். நமக்கு முதல் கேள்வி வேறு: இது கெட்டுப்போனால் ராமநாதபுரத்துக்குள் யார் கையால் சரியாகும்? ஆட்டம் பிடிக்கிறதா என்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த நல்ல பின்பாலும் ஒரு மாதம் ஆடினால் பிடித்துப்போகும். ரிப்பேருக்கு ஆள் இல்லாத மெஷின் எவ்வளவு பிடித்தாலும் மூலையில்தான் நிற்கும்.

முதல் படி: எந்தக் காலத்து மெஷின் என்று முடிவு செய்யுங்கள்

பட்டனை அழுத்தினால் பந்தைத் திருப்பி அடிக்கும் கையான ஃபிளிப்பர் பின்பாலில் வந்தது 1947இல், காட்லீப் கம்பெனியின் ஹம்ப்டி டம்ப்டி மெஷினில். அதற்கு முன்னால் பந்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பதுதான் ஆட்டம். அதனால்தான் நியூயார்க் நகரம் 1942இல் இதைச் சூதாட்டம் என்று தடை செய்தது. 1976இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர மன்றக் குழுவின் முன் ஆடிக் காட்டி, இது கைத்திறன் என்று நம்ப வைத்த பிறகுதான் தடை நீங்கியது. வீட்டில் பெரியவர்கள் "இது சூதாட்ட மெஷின் மாதிரி இருக்கே" என்று இழுத்தால் இந்தக் கதையைச் சொல்லலாம்.

வாங்குபவர் கண்ணுக்கு மெஷின்கள் நான்கு வகை.

1970களின் பாதிக்குப் பிறகு வரை வந்தவை மின்–இயந்திர வகை. உள்ளே சர்க்யூட் போர்டு கிடையாது. மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்சான ரிலே, படிப்படியாக நகரும் ஸ்டெப்பர், எண் சுழலும் ஸ்கோர் ரீல், எல்லாவற்றையும் வரிசைப்படுத்தும் ஒரு மோட்டார், அடித்தால் கணகணக்கும் மணி. மின்படத்தை, அதாவது எந்தக் கம்பி எங்கே போகிறது என்ற வரைபடத்தைப் பார்த்தே வேலை செய்யலாம், கணினி அறிவு வேண்டாம். சத்தம் அற்புதமாக இருக்கும். ஆனால் நூற்றுக்கணக்கான தகட்டுச் சுவிட்சுகள் திறந்தபடி நிற்கும். கடலுக்கு அரை கிலோமீட்டரில் வீடு என்றால் இந்த வகையை நான் சொல்ல மாட்டேன். பரமக்குடி பக்கம் உள்ளே தள்ளி இருப்பவர்கள் யோசிக்கலாம்.

1977 முதல் ஏறக்குறைய 1990 வரை வந்தவை ஆரம்பகால எலக்ட்ரானிக் மெஷின்கள். பாலி, வில்லியம்ஸ், காட்லீப், பழைய ஸ்டெர்ன் என்று பல கம்பெனிகள். என் தேர்வு இதுதான். சுவிட்சுகள் குறைவு. போர்டில் உள்ள பாகங்கள் எல்லாம் துளை வழியாகச் சால்டர் செய்தவை. பழைய கலர் டிவி ரிப்பேர் செய்த ஒருவர் உங்கள் ஊரில் இன்னும் கடை வைத்திருந்தால் அவர் கை இதில் நன்றாகவே ஓடும். ஃபிளிப்பர் போன்றவற்றை அடிக்க வைக்கும் மின்காந்தக் காயில்களை ஓட்டும் டிரான்சிஸ்டருக்கு டிப் 102 என்ற ஒரே எண் பாலிக்கும் வில்லியம்ஸுக்கும் ஒத்துவரும். சென்னை ரிச்சி தெருவில் கேட்டுப் பார்க்கக்கூடிய சாதாரணச் சாமான்தான். உப்பு தின்று போர்டே போனாலும், பாலி, வில்லியம்ஸ் மெஷின்களுக்குப் புதிதாகத் தயாரித்த மாற்றுப் போர்டுகள் வெளிநாட்டில் விற்பனைக்கு உண்டு.

ஸ்கோரையும் படத்தையும் புள்ளிகளால் காட்டும் 1990களின் புள்ளித்திரை மெஷின்களைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். 1992இல் வந்த தி ஆடம்ஸ் ஃபேமிலி 20,270 மெஷின்கள் தயாரிக்கப்பட்டது. வில்லியம்ஸ் 1999இல் பின்பாலை நிறுத்திக்கொண்டதால் அந்த வரிசைக்கு விலை ஏறிக்கொண்டே போகிறது. ஆட்டம் ஆழமானது, உள்வேலையும் அதே அளவுக்குச் சிக்கலானது. இரண்டாவது மெஷினாக வாங்குங்கள்.

இப்போது வரும் புது மெஷின்களைப் பற்றி இங்கே அதிகம் பேசப் போவதில்லை. அமெரிக்காவிலேயே ஏழாயிரம் டாலர் அளவில்தான் விலை தொடங்குகிறது. போர்டில் நுண்ணிய பாகங்கள் என்பதால் நம் பக்கத்துக் கடைகளில் பழுதுபார்ப்பதும் கடினம்.

இரண்டாம் படி: தேடும் இடம்

பின்பால் நம் நாட்டில் பரவலாக ஓடிய ஆட்டம் கிடையாது. அதனால் தேடல் நீளும். சென்னை, பெங்களூரு, மும்பை, கொச்சி போன்ற ஊர்களில் மூடிய கேம் சென்டர்கள், சாமான்களை ஒழிக்கும் பழைய கிளப்புகள், ஓஎல்எக்ஸ் மாதிரி தளங்கள், சினிமாவுக்குச் சாமான் வாடகைக்கு விடுபவர்கள் என்று நாலு பக்கமும் சொல்லி வையுங்கள்.

நம் கரைக்கு இன்னொரு வழி உண்டு. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் மலேசியா, சிங்கப்பூர், துபாய் தொடர்பு இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த நாடுகளிலெல்லாம் மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட் அளவு, 50 ஹெர்ட்ஸ். அங்கு ஓடிய மெஷின் இங்கே மாற்றமில்லாமல் ஓடும். இத்தாலியின் ஸக்கரியா, ஸ்பெயினின் ரெசெல் போன்ற ஐரோப்பிய மெஷின்களும் அப்படியே. அமெரிக்கக் கம்பெனிகளும் ஏற்றுமதிக்கென்று இந்த வோல்ட்டில் செய்து அனுப்பியிருக்கின்றன.

ஆனால் வெளிநாட்டிலிருந்து நேரடியாக இறக்குவது முதல் மெஷினுக்குச் சரிப்படாது. சுங்கத்தில் பின்பால் 9504 என்ற தலைப்பில் வரும். பழைய சாமான் என்பதால் வரிக்கு மேல் இறக்குமதி அனுமதி பற்றிய கேள்வியும் எழும். வீட்டைக் காலி செய்து ஊர் திரும்பும் உறவினர் தன் சாமானோடு கொண்டுவருவதாகச் சொன்னால், கப்பலில் ஏற்றும் முன்பே தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டிடம் மெஷினின் பெயர், வருடம், படம் மூன்றையும் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏற்றிய பிறகு கேட்டால் துறைமுகத்தில் நாள்வாடகைதான் ஏறும்.

எந்த மெஷின் கண்ணில் பட்டாலும் அதன் பெயரை இன்டர்நெட் பின்பால் டேட்டாபேஸில் தேடுங்கள். தயாரித்த வருடம், எத்தனை செய்தார்கள், படங்கள் கிடைக்கும். பல மெஷின்களுக்குக் கையேடும் மின்படமும் அங்கேயே இருக்கும். மின்படம் கிடைக்காத மெஷினை மலிவு என்பதற்காக எடுக்க வேண்டாம்.

மூன்றாம் படி: போவதற்கு முன் மின்சாரத்தைக் கேளுங்கள்

பெட்டியின் பின்பக்கத் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அமெரிக்க உள்நாட்டு மெஷின். அதற்காகப் பயப்பட வேண்டாம். எலக்ட்ரானிக் மெஷின்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு 220–240 வோல்ட் முனைகளும் உண்டு. எந்தக் கம்பியை எந்த முனைக்கு மாற்றுவது என்று கையேட்டிலேயே படம் இருக்கும். மாற்றும்போது இரண்டு விஷயத்தை விட்டுவிடக் கூடாது. ஒன்று, மெயின் ஃபியூஸ் மதிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைய வேண்டும். இரண்டு, மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் உள்ள லைன் ஃபில்டர் பக்கத்தில் மின்னெழுச்சியைத் தடுக்க ஒரு வாரிஸ்டர் இருக்கும். அமெரிக்க மெஷினில் அது 150 வோல்ட் வகை. அதை 275 வோல்ட் வகையாக மாற்றாமல் 230இல் போட்டால் நொடியில் வெடிக்கும். சத்தம் பெரிது, சேதம் சின்னது, ஆனால் பக்கத்தில் நிற்பவர் அன்றோடு பின்பாலை வெறுத்துவிடுவார்.

முனை இல்லாவிட்டால் 230–110 ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள், குறைந்தது 500 விஏ. மெஷின் ஓடும்போது சில நூறு வாட்தான் இழுக்கும் என்றாலும் இரண்டு ஃபிளிப்பரும், பந்து பட்டதும் உதைத்துத் தள்ளும் பம்பரும் ஒரே நேரத்தில் அடிக்கும்போது திடீரென்று இழுவை ஏறும். மின்–இயந்திர மெஷினில் வரிசை மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்கு ஏற்றது. நம் 50 ஹெர்ட்ஸில் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சுற்றும். ஆட்டம் கெடாது, மணி கொஞ்சம் சாவகாசமாக அடிக்கும்.

எர்த் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கால்கள், பக்கப் பட்டைகள், முன்பக்கக் காயின் கதவு எல்லாம் இரும்பு. நாம் வெறுங்காலோடு ஈரக்கையோடு நின்று ஆடுகிறவர்கள். பழைய மெஷின் பலவற்றில் இரண்டு கம்பி வயர்தான் இருக்கும், அல்லது மூன்றாவது முள்ளை யாரோ வெட்டியிருப்பார்கள். மூன்று கம்பி வயர் போட்டு, பெட்டிக்குள் இருக்கும் எர்த் பின்னலோடு சேர்த்துவிடுங்கள். வீட்டு எர்த்தையும் பாருங்கள். நம் மண்ணில் எர்த் குழாய் நன்றாகக் கடத்தும், ஆனால் அதே உப்பு கிளாம்ப்பைத் தின்று கம்பியைத் தனியாகத் தொங்க விட்டிருக்கும். அந்த லைனில், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றையும் போட்டுவிடுங்கள்.

நான்காம் படி: நேரில் பார்ப்பது

இதற்கு அவசரப்படாமல் நேரம் ஒதுக்குங்கள். கையில் மல்டிமீட்டர், நல்ல டார்ச், ஸ்க்ரூடிரைவர், பழைய கோணிச்சாக்கு இரண்டு. விற்பவர் "போட்டுக் காட்டுறேன் சார்" என்று சுவிட்சில் கை வைப்பார். "அண்ணே, முதல்ல ஆஃப்லயே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

காயின் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு நெம்பு தட்டுப்படும். அதை நகர்த்தினால் முன்பக்க இரும்புப் பட்டை கழன்றுவரும். அப்புறம் கண்ணாடியை உங்கள் பக்கம் இழுத்து எடுக்கலாம். இது டெம்பர் செய்த கண்ணாடி. மேலே பந்து அடித்தால் தாங்கும், மூலை மொசைக் தரையில் லேசாகத் தட்டினால் மொத்தமும் கற்கண்டாகக் கொட்டும். அதற்குத்தான் சாக்கு.

பந்தை வெளியே எடுங்கள். 27 மில்லிமீட்டர் விட்டம், 80 கிராம் எடை, முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு, இதுதான் நல்ல பந்து. துருவில் குழி விழுந்த பந்து, ஓடுகிற இடமெல்லாம் ஆட்டப்பலகையின் பெயின்ட்டை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பந்தின் நிலையே அந்த மெஷின் எப்படி வைக்கப்பட்டது என்று சொல்லிவிடும். அடுத்து ஆட்டப்பலகை. ஃபிளிப்பருக்கு முன்னால், பம்பரைச் சுற்றி, பந்து விழும் குழி ஓரத்தில் பெயின்ட் போய் மரம் தெரிகிறதா? விளக்குக்கு மேல் பதித்த பிளாஸ்டிக் வில்லைகள் மேல் நகத்தை ஓட்டுங்கள். குழிந்தோ தூக்கியோ இருந்தால் பந்து அங்கே திசை மாறும். சின்னத் தேய்மானத்தோடு வாழலாம். ஒட்டுப்பலகை அடுக்கு பிரிந்து உப்பியிருந்தால் வேண்டாம், ஈரம் குடித்த மரத்தை மீட்க முடியாது.

பலகையைத் தூக்கி நிறுத்துங்கள். அடியில் காயில்களும் வயர்களும் தொங்கும். இங்கே நிறத்தைப் பார்க்க வேண்டும். இரும்புத் தகடுகளில் மேலாகப் பழுப்புத் துரு இருந்தால் நம் ஊருக்கு அது சகஜம், தேய்த்தால் போகும். சுவிட்ச் முனையிலும் கனெக்டர் பின்னிலும் பச்சை பூத்திருந்தால் வேலை அதிகம். காயிலைச் சுற்றிய காகிதம் கருகியோ பிளாஸ்டிக் உருகியோ இருந்தால் அந்தக் காயில் எப்போதோ விடாமல் மின்சாரம் வாங்கி வெந்திருக்கிறது, அதன் டிரான்சிஸ்டரும் போயிருக்கும். ஒவ்வொரு காயிலிலும் மீட்டரை வையுங்கள். சில ஓமிலிருந்து சில பத்து ஓம் வரை வரலாம். ஒரு ஓமுக்கும் கீழே வந்தால் ஷார்ட், ஒன்றுமே வராவிட்டால் அறுந்திருக்கிறது. ஃபிளிப்பர் காயிலில் பலமான சுற்று, தாங்கும் சுற்று என்று இரண்டு இருக்கும். ஃபிளிப்பர் முழுக்க மேலே போனதும் ஒரு சின்ன சுவிட்ச் திறந்து பலமான சுற்றைத் துண்டிக்கும். அந்தச் சுவிட்சை விரலால் நகர்த்தி, திறக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். திறக்காவிட்டால் பட்டனைப் பிடித்துக்கொண்டு நின்ற கொஞ்ச நேரத்திலேயே காயில் புகைய ஆரம்பிக்கும்.

இப்போது தலைப்பெட்டி, அதாவது பின்பக்கம் நிமிர்ந்து நின்று ஸ்கோர் காட்டும் பெட்டி. அதன் கண்ணாடியை எடுத்ததும் போர்டுகள் தெரியும். முதலில் பேட்டரி எங்கே என்று தேடுங்கள். பழைய ஸ்கோரையும் அமைப்புகளையும் நினைவில் வைக்க, பாலி மெஷின்களில் போர்டு மேலேயே ஒரு நிக்கல்–கேட்மியம் பேட்டரியைச் சால்டர் செய்திருப்பார்கள். வில்லியம்ஸில் மூன்று பென் டார்ச் செல் இருக்கும். அமெரிக்காவோ அரபு நாடோ, பழைய எலக்ட்ரானிக் மெஷின்களைக் கொல்வதில் முதலிடம் இதற்குத்தான். பேட்டரி கசிந்து, காரம் கீழ்நோக்கி வழிந்து, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, ஐசி சாக்கெட்டின் கால்களைத் தின்றிருக்கும். பேட்டரிக்குக் கீழே உள்ள பகுதியை டார்ச் அடித்து நிதானமாகப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட்டிருந்தாலும் பழைய கறை போகாது. கசிவு லேசாக இருந்தால் பேட்டரியை எடுத்துவிட்டு, நீர்த்த வினிகரால் துடைத்து, தண்ணீரால் அலசி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் உலர்த்திக் காப்பாற்றலாம். சாக்கெட்டுக் கால்கள் கறுத்துவிட்டால் மாற்றுப் போர்டின் செலவை விலையில் கழியுங்கள். வாங்கிய பிறகு பேட்டரியைத் தனிப் பிடிப்பானில் வைத்து, வயர் நீட்டி, போர்டுக்குக் கீழே எங்கேயாவது தொங்கவிட்டுவிடுங்கள்.

தலைப்பெட்டியின் படக்கண்ணாடிதான் மெஷினின் முகம். 1980களின் பாதிவரை பல மெஷின்களில் இது கண்ணாடியின் பின்புறம் நேரடியாக அச்சிட்ட படம். விளக்குச் சூட்டாலும் ஈரத்தாலும் பெயின்ட் செதில் செதிலாக உரியும். பின்னாலிருந்து டார்ச் அடித்தால் ஓட்டைகள் நட்சத்திரம் போலத் தெரியும். உரிந்ததைத் தொடாதீர்கள், துடைக்கவே துடைக்காதீர்கள். படக்கண்ணாடி உடைந்ததோ இல்லாததோ ஆன மெஷினை விட்டுவிடலாம், மற்ற எதையும் தேடிப் பிடிக்கலாம், இதைப் பிடிப்பது கஷ்டம்.

கடைசியாக மரப்பெட்டி. கால் மாட்டும் மூலைகளை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். பொத்தென்று கேட்டால் உள்ளே கரையான். எலிப்புழுக்கை இருக்கிறதா, வயர் கடிபட்டிருக்கிறதா, தலைப்பெட்டிக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பட்டியல் எந்த அமெரிக்க வழிகாட்டியிலும் இருக்காது.

ஃபியூஸ்களைக் கழற்றி மதிப்பைக் கையேட்டோடு ஒப்பிட்ட பிறகே சுவிட்ச் போடச் சொல்லுங்கள். சிகரெட் தாள் சுற்றிய ஃபியூஸோ பெரிய மதிப்பு ஃபியூஸோ இருந்தால் அதை வைத்து ஓட்டக் கூடாது. பாலி மெஷின் என்றால் போட்டதும் போர்டில் உள்ள சிவப்பு எல்இடியைப் பாருங்கள். ஒரு மினுக்கலுக்குப் பிறகு ஏழு முறை மின்ன வேண்டும். எத்தனையாவதில் நிற்கிறதோ அதற்கு ஏற்றபடி எந்த ஐசி பழுது என்று கையேடு சொல்லும். காயின் கதவுக்குள் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தி விளக்கு, டிஸ்ப்ளே, காயில், சுவிட்ச் என்று வரிசையாக ஓட்டுங்கள். பிறகு அரை மணி நேரமாவது விடாமல் ஆடுங்கள். சூடேறிய பிறகுதான் ஃபிளிப்பர் தளர்வதும் போர்டு தானாக மறுதொடக்கம் ஆவதும் வெளியே வரும்.

ஐந்தாம் படி: விலை

"ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, ஒரு ஃபியூஸ்தான் போயிருக்கு" என்ற வாக்கியத்தைக் கட்டாயம் கேட்பீர்கள். ஃபியூஸ் மட்டும்தான் என்றால் அவரே மாற்றி ஓட்டிக் காட்டி நல்ல விலை கேட்டிருப்பார். ஓடாத மெஷினுக்கு, போர்டு முழுக்க மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள். வெளிநாட்டு விளம்பர விலையைக் காட்டினால், அது ஓடுகிற மெஷினுக்கு, பாகம் கிடைக்கிற ஊரில் உள்ள விலை என்று பதில் சொல்லலாம். சாவி இல்லை, கால் ஒன்று துரு, ரப்பர் இற்றுப்போச்சு போன்றவை சின்ன விஷயம். போர்டு, படக்கண்ணாடி, ஆட்டப்பலகை இந்த மூன்றுக்காகத்தான் விலையைக் குறைக்கவோ விலகவோ வேண்டும்.

ஆறாம் படி: ஏற்றி இறக்குவது

வடகிழக்குப் பருவமழையில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நகர்த்த வேண்டாம். மற்ற மாதங்களில் ஒரு குட்டியானை வண்டியும் நான்கு ஆளும் போதும். பந்துகளை எடுத்துத் தனிப் பையில் வையுங்கள். உள்ளேயே விட்டால் வழிநெடுக ஆட்டப்பலகையைக் கொத்திவைக்கும். தலைப்பெட்டியைத் தாழ்ப்பாள் எடுத்து முன்பக்கம் மடக்குங்கள். பழைய மெஷினில் கீல் இருக்காது, போல்ட்டைக் கழற்றி, கனெக்டர்களைப் படமெடுத்துக்கொண்டு தனியாக இறக்க வேண்டும். நடுவில் கம்பளி. ஒரு காலுக்கு இரண்டு போல்ட், மொத்தம் எட்டு. முன்கால்கள் முதலில். வீட்டு வாசலை முன்பே அளந்துகொள்ளுங்கள். பெட்டி 56 செ.மீ. அகலம்தான், தலைப்பெட்டி 70 செ.மீ.க்கு மேல் வரும். ராமேஸ்வரம் தீவுக்குள் போகிறதென்றால் பாம்பன் சாலைப் பாலத்தில் காற்று தூக்கும். தார்ப்பாயை மேலே போர்த்தினால் மட்டும் போதாது, அடிவரை இழுத்துக் கட்டுங்கள்.

ஏழாம் படி: வீட்டில் முதல் மாதம்

கடலைப் பார்த்த அறையில் வைக்காதீர்கள். கச்சான் காற்று அடிக்கும் பக்கத்து ஜன்னலும் வேண்டாம், உப்போடு மணலும் வரும். உள் அறை நல்லது, ஏசி அறை என்றால் இன்னும் நல்லது. தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் இருப்பதால் கால்களுக்கு அடியில் ரப்பர் கட்டை வையுங்கள். மூடுவதற்குப் பருத்தித் துணி போதும், பிளாஸ்டிக் ஷீட் போட்டால் உள்ளே வியர்க்கும். வாரத்துக்கு இரண்டு நாளாவது போட்டு ஆடுங்கள், உள்சூடுதான் ஈரத்தை விரட்டும். தலைப்பெட்டியின் காற்றுத் துளைகளுக்கு உள்பக்கமாகச் சன்னமான வலை ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பல்லி புகுந்து போர்டு மேல் படுக்கும், அதோடு ஒரு ஷார்ட்டும் வரும்.

சுவிட்ச் பிடிக்கவில்லை என்றதும் கைக்கு வருவது துரு நீக்கும் ஸ்பிரே. மெஷினுக்குள் அதை அடிக்கவே கூடாது. எண்ணெய்ப் படலம் தூசியைப் பிடிக்கும், காயில் பொறி பட்டால் தீயும் பிடிக்கும். எலக்ட்ரானிக் மெஷினின் சுவிட்ச் முனைகளில் மெல்லிய தங்க முலாம் இருக்கும், அரம் போட்டால் போய்விடும். பளபளப்பு இல்லாத ஒரு விசிட்டிங் கார்டை இரண்டு முனைகளுக்கு நடுவில் விட்டு, விரலால் லேசாக அழுத்தி இழுங்கள். கார்டில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாமல் வரும்வரை இழுத்தால் முடிந்தது. பெரிய மின்சாரம் போகும் ஃபிளிப்பர் முனைகள் மட்டும் டங்ஸ்டன், அவற்றுக்கு அரம் போடலாம். காயிலுக்குள் ஓடும் இரும்புத் தண்டுகளான பிளங்கர்களுக்கும் எண்ணெய் கிடையாது, காய்ந்தே ஓட வேண்டும். பழைய ரப்பர் வளையங்களை எல்லாம் மாற்றும்போது சிலிக்கான் வகை போடுங்கள், நம் வெயிலில் இயற்கை ரப்பர் சீக்கிரம் வெடிக்கும். விளக்குகளை எல்இடியாக மாற்றினால் படக்கண்ணாடியும் கனெக்டர்களும் சூட்டிலிருந்து தப்பும்.

இனி, நம் ஊரின் பலம். தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை இல்லாத ஊர் இந்தக் கரையில் இல்லை. பின்பால் காயிலும் அதே கைவேலைதான். காயில் மேல் சுற்றிய காகிதத்தில் ஏஇ–23–800 என்பது போல எழுதியிருக்கும். 23 என்பது கம்பியின் கேஜ், 800 என்பது சுற்று எண்ணிக்கை. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பேச்சு இப்படிப் போகும்:

"அண்ணே, இருபத்திமூணு கேஜ், எண்ணூறு சுத்து."

"தம்பி, இது அமெரிக்கக் கேஜா, நம்ம கேஜா?"

நல்ல கேள்வி. அமெரிக்க 23 கேஜ் கம்பி 0.57 மில்லிமீட்டர். நம் கடைகளில் புழங்கும் பிரிட்டிஷ் கேஜில் 23 என்றால் 0.61. நம் 24தான் கிட்டத்தட்டப் பொருந்தும், 0.56. அதனால் கேஜ் எண்ணைச் சொல்லாமல் மில்லிமீட்டரைச் சொல்லுங்கள், அவரிடம் மைக்ரோமீட்டர் இருக்கும். கட்டி முடித்ததும் மீட்டரில் நாலு ஓமுக்குக் கொஞ்சம் மேலே காட்ட வேண்டும். காயில் முனைகளில் இருக்கும் டயோடை அதே திசையில் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். திசை மாறினால் போட்டதும் ஃபியூஸோ டிரான்சிஸ்டரோ போகும். பழைய டிரான்சிஸ்டரைச் சோதிக்காமல் புதுக் காயிலை மாட்டவும் வேண்டாம், ஷார்ட் ஆன டிரான்சிஸ்டர் புதிதையும் வேகவைக்கும்.

மாலையில் வோல்டேஜ் இறங்கும் தெருவில் இருப்பவர்கள், ஃபிளிப்பர் அடிக்கும்போது மெஷின் அணைந்து அணைந்து வருகிறதென்றால் முதலில் ஸ்டெபிலைசர் வைத்துப் பாருங்கள், போர்டைக் குறை சொல்வது அதற்கப்புறம். வீட்டு இன்வெர்ட்டரில் இதை ஓட்ட வேண்டாம்.

சமம் பார்க்க மொபைல் ஆப் போதும். பக்கவாட்டில் பூஜ்யம், முன்பின் சரிவு 6.5 டிகிரி. கால் அடியில் உள்ள திருகைச் சுற்றி இதைக் கொண்டுவரலாம். சரிவு குறைந்தால் பந்து தூங்கிவழியும், கூடினால் ஃபிளிப்பர் திணறும்.

நாணயம் போடும் வழியைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள். 1980களின் தொடக்க மெஷின்கள் பலவற்றில் இலவச ஆட்ட அமைப்பு கிடையாது, துளையும் அமெரிக்கக் கால் டாலருக்கு வெட்டியது. காயின் கதவுக்குள் நாணயம் தட்டும் ஒரு மெல்லிய கம்பிச் சுவிட்ச் இருக்கும், அதை விரலால் தட்டினாலே ஆட்டம் ஏறும். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் பல மெஷின்களில் 230 வோல்ட் வயரும் ஓடுகிறது. அதனால் ஒரு கெட்டியான கம்பியை வளைத்து, வெளியே இருக்கும் நாணயம் திருப்பும் பட்டனை அழுத்தினால் உள்ளே அந்தச் சுவிட்சைத் தட்டுகிற மாதிரி மாட்டிவிட்டு, கதவைப் பூட்டி, சாவியைப் பரணில் வைத்துவிடுங்கள்.